அருவருப்புத் தொடர்

அடுத்தவர் வாய்க்குள் கையை விட்டுப் பிழைக்கிறவளுக்கு அருவருப்பு எங்கிருந்து வரும் என்று அவளுடைய அக்கா அடிக்கடி கேட்பாள். பல் மருத்துவமனை ஒன்றில் பல் சுத்தம் செய்வது அவள் வேலை. காலையில் கையுறை மாட்டினால் மாலை வரைக்கும் பற்காரையும் ரத்தமும் எச்சிலும்தான். வாரக்கணக்கில் துலக்காத வாய், புகையில் கறுத்த ஈறு, சீழ் கட்டிய கடைவாய் எதற்கும் அவள் முகம் சுளித்ததில்லை.

"நாத்தம் புடிச்ச வாயோட வர்றவங்க வெக்கப்பட்டுக்கிட்டுத்தான் தொறக்கறாங்க. வெக்கப்படறவங்களப் பாத்து நான் எதுக்குக் கொமட்டணும்?" என்பாள்.

அவளுக்குக் குமட்டுவது வேறு. பேருந்து இருக்கைக்கு அடியில் யாரோ ஒட்டிவிட்டுப் போன பபிள்கம், லிஃப்ட் மூலையில் துப்பிய எச்சில், சாப்பிட்ட தட்டிலேயே மூக்கைத் துடைத்துப் போட்ட காகிதம். செய்தவன் நிம்மதியாகப் போயிருப்பான், அடுத்து வருகிறவன் தலையில் அது விடியும். அந்த நிம்மதிதான் அவள் வயிற்றைப் புரட்டும்.

கல்யாணம் முறிந்து ஒரு பெட்டியோடு வந்து நின்றவளுக்கு மாடி அறையைத் திறந்துவிட்டவர் அக்கா புருஷன். பார்சல் ஆபீசில் மேற்பார்வையாளர். ஊர்ப்பட்ட சிநேகிதம், வாயைத் திறந்தால் சிரிப்பு. இடம் கொடுத்ததை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. மைத்துனி அறைக்குள்ளேயே முடங்கிக் கிடப்பது பொறுக்காமல் அவர்தான் அவளை அந்த விளையாட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

ஜியோகேச்சிங் என்று அதற்குப் பெயர். யாரோ ஒருவர் ஊருக்குள் எங்காவது ஒரு டப்பாவை ஒளித்துவைத்துவிட்டு, அது எந்த இடத்தில் இருக்கிறது என்று வரைபட எண்களைப் போன் செயலியில் போட்டுவிடுவார். மற்றவர்கள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு தேடிப்போவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் தங்கள் புனைபெயரை எழுதிவிட்டு, இருந்தது இருந்தபடி மறுபடி ஒளித்துவைத்துவிட்டு வர வேண்டும். டப்பாவுக்குள் சாவிக்கொத்து, பொம்மை, கோலிக்குண்டு என்று ஏதாவது கிடக்கும். ஒன்றை எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும். விளையாடாதவர்கள் கண்ணில் படக்கூடாது என்பதுதான் முக்கியமான சட்டம். இந்தக் கூட்டத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. அத்தானுக்குப் பெயர் கழுகுக்கண். அவளுக்குப் பல்குச்சி என்று அவரே வைத்துவிட்டார்.

முதலில் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. தினமும் கடந்துபோகிற பாலத்துக்கு அடியில் இத்தனை அகலமாக ஒரு படிக்கட்டு இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. தபால் நிலையத்துச் சுவரில் ஒரு செங்கல் மட்டும் வெளியே வரும் என்பதும். விடுமுறை நாட்களில் அத்தானும் அவளும் காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். பெட்டி கிடைத்துவிட்டால் அத்தான் சின்னப்பிள்ளை மாதிரி குதிப்பார். பார்த்தவர்கள் இந்த வயதில் இந்த ஆளுக்கு என்ன வந்தது என்று ஒதுங்கிப் போவார்கள்.

ஆனால் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பதுதான் சகிக்காது. மழைத்தண்ணீர் புகுந்து தாள் கூழாகியிருக்கும். பொம்மை இருந்த இடத்தில் பாதி தின்ற மிட்டாயும் அதைச் சுற்றி எறும்பும். ஒரு பெட்டியில் காயத்திலிருந்து பிய்த்த பிளாஸ்திரி. இன்னொன்றில் முடியோடு கூடிய ஹேர்கிளிப். யாரோ ஒன்றை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு வைக்கச் சட்டைப்பையில் வேறொன்றும் இல்லாமல், கையில் அகப்பட்டதை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவள் பையில் கையுறையும் கிருமிநாசினியும் எடுத்துப்போக ஆரம்பித்தாள். பெட்டியைக் கொட்டித் துடைத்து, புதுத் தாள் வைத்து மூடுவாள். கூட்டத்தில் அவளுக்கு இரண்டாவது பட்டப்பெயர் விழுந்தது: துப்புரவுத் துறை. யாரும் நன்றி சொல்லவில்லை. 'பல்குச்சி போன வாரம் போயிருக்கா, இப்ப போனா சுத்தமா இருக்கும்' என்று மட்டும் செய்தி போட்டுக்கொண்டார்கள்.

இந்த நிலையில்தான் ஈரக்கால் வந்து சேர்ந்தான். குளியலறை டைல்ஸ் விற்கிறவன், முப்பது வயதுக்காரன். முதல் தேடலிலேயே வாய்க்காலில் விழுந்ததால் அந்தப் பெயர். கைவேலையில் கெட்டிக்காரன் என்பதை மறுப்பதற்கில்லை. அவன் வரிசையாகப் பெட்டிகள் வைக்க ஆரம்பித்தான். அதற்கு அவன் வைத்த பெயர் 'அருவருப்புத் தொடர்.' ரப்பரில் செய்த செத்த எலி, வாலைப் பிடித்து இழுத்தால் வயிற்றிலிருந்து தாள் வரும். வர்ணம் பூசிய நாய்க்கழிவு, அடியில் மூடி. பூங்கா பெஞ்சுக்குக் கீழே பபிள்கம் மாதிரி ஒரு டப்பா.

கூட்டம் கிறங்கிப்போனது. செயலியில் பாராட்டு குவிந்தது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் கார் பிடித்து வந்து எலி வாலை இழுத்துப் படம் எடுத்தார்கள். அத்தானுக்கோ தலைகால் புரியவில்லை. தன்னைவிட இருபது வயது மூத்த அத்தானின் தோளில் கைபோட்டு நிற்கிற அளவுக்கு ஈரக்கால் பெரிய மனுஷனாகிவிட்டான்.

பெஞ்சுக்கு அடியில் அவளும் கையை விட்டுப் பார்த்தாள். அவன் வைத்தது ஒன்றே ஒன்று. ஆனால் பெஞ்சு நெடுக ஊரார் ஒட்டிய நிஜமான பபிள்கம். நிஜத்தை எல்லாம் தடவித் தடவித்தான் பொய்யைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்று இன்னும் ஈரமாக இருந்தது. அவள் கையை உருவிக்கொண்டு குழாயடிக்குப் போய் முழங்கை வரை தேய்த்தாள். அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடுத்தவன் சொத்தைப் பல்லத் தொடறே, இதத் தொட என்னா?"

"அவங்க என்னை நம்பித் தொறக்கறாங்க அத்தான். இது எவனோ துப்பிட்டுப் போனது."

ஒருநாள் காப்பிக்கடையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது ஈரக்கால் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டான்.

"அக்கா, தொடருக்குக் கடைசிப் பெட்டி ஒண்ணு யோசிச்சிருக்கேன். பிரமாதமா இருக்கும். ஒரு பழைய பல் செட் வேணும். உங்க ஆஸ்பத்திரியில கிடைக்கும்ல?"

"ரப்பர்ல செஞ்சுக்கயேன். எலி செஞ்சல்ல."

"அது பொய்யின்னு தெரிஞ்சிரும்க்கா. யாராவது நெஜமாப் போட்டிருந்ததா இருக்கணும். அப்பத்தான் தொடும்போது ஒரு உதறல் வரும்."

"அது ஒருத்தர் வாய்க்குள்ள இருந்தது."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்று அவன் சிரித்தான். மேசையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். அத்தானும்தான். அவள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தாள்.

மருத்துவமனைக்கு அப்போது ஓய்வுபெற்ற ஒரு அம்மாள் வந்து போய்க்கொண்டிருந்தாள். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். ஊரில் பாதிப் பேர் அவள் முகத்தைப் பார்த்ததில்லை, ஆனால் குரலைக் கேட்டு ஓடி ரயில் பிடித்தவர்கள். மேல்வரிசைப் பல் முழுதும் போய், பல் செட் கட்டியிருந்தாள். முன்பல் ஒன்று பக்கத்துப் பல்மேல் லேசாக ஏறி உட்கார்ந்திருக்கும். டாக்டர் நேராக வைத்துத் தருகிறேன் என்றதற்கு, "எனக்குப் பொறந்த பல்லே கோணல்தான் டாக்டர். நேரா வச்சா கண்ணாடியில வேற யாரோ தெரிவாங்க" என்று அடம்பிடித்துக் கோணலாகவே வைக்கச் சொன்னாளாம்.

அந்த செட் அண்ணத்தில் விரிசல் விட்டுப் பழுதுபார்க்கப் போயிருந்தது. ஒட்டித் திரும்பி வந்ததை நீல நிற வட்டப்பெட்டியில் பெயர் ஒட்டிப் பின்னறை அலமாரியில் வைத்தது பல்குச்சியேதான். மறுநாள் அம்மாள் வாங்க வந்தபோது பெட்டி இல்லை. அலமாரி, குப்பைத்தொட்டி, மேசைக்கு அடி என்று தலைகீழாகப் புரட்டியும் இல்லை. டாக்டர் வரவேற்பில் இருந்த பெண்ணைத் திட்டினார். அந்தப் பெண் சுத்தம் செய்ய வருகிறவரைச் சொன்னாள். கடைசியில் புதிதாக ஒன்று செய்து தருகிறோம் என்று முடிந்தது. ஆனால் ஈறு சுருங்கியிருந்ததால் முதல் அளவு சரியாக வரவில்லை. திரும்ப அளவு, திரும்ப மெழுகில் மாதிரி.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அந்த அம்மாள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். வெளியூரில் இருக்கிற மகனுக்கு எழுத்தில்தான் செய்தி. மருத்துவமனைக்கு வந்தாலும் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவாள். அம்மாள் ஒவ்வொரு முறை படியிறங்கிப் போனதும் பல்குச்சி பின்னறைக்குப் போவாள். வைத்தது தான்தானே, வேறெங்கும் வைத்துத் தொலைத்தோமோ என்று குழம்பிக் குழம்பி அலமாரியைத் திரும்பவும் திறந்து பார்ப்பாள்.

தொடரின் கடைசிப் பெட்டி திறப்பு விழாவுக்கு அவள் போவதாகவே இல்லை. அத்தான்தான் விடவில்லை. "நீ வரலன்னா எனக்கு மரியாதையா இருக்காது" என்றார். வாய்க்கால் ஓரத்தில் பட்டுப்போன மரம் ஒன்று நின்றது. அதன் பொந்துக்கு முன்னால் பத்திருபது பேர் மதிய வெயிலில் கூடியிருந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் இருந்தார்கள். ஈரக்கால் பொந்துக்குள்ளிருந்து நீல நிற வட்டப்பெட்டி ஒன்றை எடுத்தான். மூடியில் பெயர்ச்சீட்டைக் கிழித்த தடம், பசையில் அழுக்கு ஏறியிருந்தது.

அந்தப் பெட்டியை அவள் உற்றுப் பார்த்தாள். ஊரில் எத்தனையோ நீலப்பெட்டி இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஈரக்கால் மூடியைத் திறந்தான். சுருள்கம்பியில் பொருத்திய பல் செட் கடக் என்று எகிறி வாயைத் திறந்தது. அடியில் சிவப்புச் சாயமும் பசையும் குழைத்து ஊற்றி, ரப்பரில் ஒரு நாக்கு. பல்லுக்கும் நாக்குக்கும் நடுவே சுருட்டிவைத்த தாள். கூட்டம் 'ஐயே' என்று கூவிக்கொண்டே போனை நீட்டியது. ஒருத்தி தன் விரலைப் பல்லுக்கு அடியில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டாள். ஒருத்தர் அந்தப் பல்லைத் தன் உதட்டுக்கு முன்னால் பிடித்து, கிழவி குரலில் 'எனக்கொரு முத்தம்' என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

முன்பல் ஒன்று பக்கத்துப் பல்மேல் லேசாக ஏறியிருந்தது. அண்ணத்தில் ஒட்டிய கோடு தெரிந்தது.

அவள் அத்தானைப் பார்த்தாள். அவர் மற்றவர்களைப்போல் பெட்டியைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பார்த்ததும் கண்ணை வாய்க்கால் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அந்த ஆள் கையிலிருந்ததை வாங்கி, கம்பியைக் கழற்றினாள். தாளை உருவி ஈரக்கால் கையில் கொடுத்தாள்.

"என்னக்கா பண்றீங்க? பெட்டிய எடுக்கக் கூடாது, சட்டம் தெரியும்ல."

"பெட்டிய நீயே வச்சுக்க. இது ஒரு அம்மாவோடது. அவங்க இதில்லாம வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்காங்க."

"வேணாம்னு தூக்கிப்போட்டதுன்னு கழுகுக்கண்தான்…" என்று ஈரக்கால் அத்தானைப் பார்த்து இழுத்தான். அவள் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு நடந்தாள். பின்னால், "ஒரு விளையாட்ட விளையாட்டா எடுத்துக்கத் தெரியாதா" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

அத்தான் பேருந்து நிறுத்தத்தில் வந்து பிடித்தார். மூச்சு வாங்கியது.

"உன்னக் கூட்டிப்போக வந்தப்ப பின்னாடி ரூம்ல உக்காந்திருந்தேன். அலமாரியில இருந்துச்சு. பழசுன்னு நெனச்சேன்."

"பேரு ஒட்டியிருந்துச்சு அத்தான். கிழிச்சிருக்கீங்க."

அவர் பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"நம்ம வீட்டிலயே நான் அழுதுக்கிட்டிருந்தேன், நான்தான் தொலைச்சிட்டேன்னு. அக்கா சமாதானம் சொன்னா. நீங்க எதிர்ல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தீங்க."

"ரெண்டு நாள் வச்சிட்டுத் திருப்பிக் குடுத்திரலாம்னுதான் எடுத்தேன். அவன் பசையப் போட்டு ஒட்டிட்டான். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?" நெற்றி வியர்வையை வழித்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "ஒரு பல்லுக்குப் போயி… எல்லார் முன்னாடியும் என்னை இப்படி…"

அவர் வியர்வை துடைத்த கையை அவள் பார்த்தாள். மயிர் அடர்ந்த, விரல் தடித்த, எத்தனையோ முறை அவள் தட்டில் சோறு வைத்த கை. அவள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். பேருந்து வந்ததும் ஏறிக்கொண்டாள், அவர் ஏறுவதற்குள் கதவு மூடிவிட்டது.

டாக்டரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்லா ஊறவச்சு, சுத்தம் பண்ணி, மெருகேத்திக் குடுத்திருங்க. அலமாரிக்குப் பின்னாடி விழுந்து கிடந்துச்சுன்னு சொல்லிடலாம். அந்தம்மாவுக்கும் பல் கிடைச்ச மாதிரி இருக்கும், நமக்கும் பேர் கெடாது" என்றார்.

"அது எங்கெல்லாம் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியுமே டாக்டர்."

"கிருமி செத்துரும்மா."

கிருமி சாகும் என்பது அவளுக்குத் தெரியாதா. தினமும் அவள் கொல்வதுதானே. அவள் டாக்டரின் சுத்தமான கையையும், நறுக்கிய நகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தானின் பார்சல் ஆபீஸ் கைக்கும் இந்தக் கைக்கும் வித்தியாசம் சோப்பு மட்டும்தான் என்று தோன்றியது.

அறிவிப்பாளர் அம்மாளின் வீட்டுக்கு அவளே போனாள். சிறிய வீடு. ஜன்னலோரம் இரண்டு நாற்காலி, அதில் ஒன்றில் மடித்துவைத்த துணி. துணியை எடுத்துவிட்டு அம்மாள் அவளை உட்காரச் சொல்லிச் சைகை காட்டினாள். பல்குச்சி எதையும் மறைக்கவில்லை. எடுத்தது தன் அக்கா புருஷன் என்பதையும், எதற்காக எடுத்தார் என்பதையும், மரப்பொந்தையும் சொன்னாள். பல் செட் மேசைமேல் கைக்குட்டையில் கிடந்தது.

அம்மாள் அதைத் தொடவில்லை. வெகுநேரம் பார்த்தாள். பிறகு கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, பல் தொலைந்த பிறகு மருத்துவமனையில் ஒரு சொல்லும் பேசாத வாயோடு பேசினாள். சொற்கள் குழைந்து காற்றாக வந்தன. பல்குச்சி குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"என்ன சொல்லிச் சிரிச்சாங்க?"

பல்குச்சி தலையைக் குனிந்து, மேசைமேல் கிடந்த கைக்குட்டையின் ஓரத்தை இழுத்துப் பல்லை மூடினாள். அம்மாள் மறுபடி கேட்கவில்லை.

"இத இனிமே என்னால வாய்ல வைக்க முடியாதும்மா. எத்தன தடவ கழுவினாலும் சரி. நீயே எங்கயாவது போட்டிரு, நான் பாக்காத எடத்துல."

"புதுசு சீக்கிரம் ஆயிரும்மா. நான் பக்கத்துலயே நின்னு பாத்துக்கறேன்."

"கோணல் இருக்கட்டும்" என்றாள் அம்மாள்.

புதிய செட் சரியாக அமைய இன்னும் சில வாரம் பிடித்தது. மெழுகுக் கட்டத்தில் முன்பல்லை அந்தக் கோணத்தில் திருப்பி வைக்க அவள் டாக்டரோடு மல்லுக்கு நின்றாள். போட்டுப் பார்த்த அன்று அம்மாள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, மெதுவாக, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏதோ ஒரு ரயில் ஏதோ ஒரு நடைமேடைக்கு வந்துசேரும் என்று அறிவித்தாள். காத்திருந்த நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். அந்தக் காலம் முழுவதிலும் பல்குச்சி மனம்விட்டுச் சிரித்தது அப்போது ஒருமுறைதான்.

கூட்டம் அவளை விலக்கிவிட்டது. அடுத்தவர் பெட்டியைக் கலைத்தவள் என்று செயலியில் புகார் போனது. திருடி என்று எழுதினவர்களும் உண்டு. பல்லை எடுத்த அத்தானைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. ஈரக்கால் பிளாஸ்டரில் வார்த்த பல் ஒன்றை வைத்துப் பெட்டியைத் திரும்பத் திறந்தான். வருட முடிவில் சிறந்த பெட்டி எது என்று ஓட்டுப் போட்டபோது அதுவே ஜெயித்தது.

இந்தப் புகாரும் ஓட்டும் வருவதற்கு முன்பே அவள் மாடி அறையைக் காலிசெய்துவிட்டாள். அக்காவோடு பெரிய சண்டை. "தங்க இடம் குடுத்தவர நாலு பேர் முன்னாடி தலைகுனிய வச்சிட்டியேடி" என்றாள் அக்கா. அவள் மறுக்கவில்லை. இடம் கொடுத்தவர்தான். ஆனால் அவர் பரிமாறிய தட்டில் கை வைத்தால் சோறு தொண்டையில் இறங்கவில்லை. அவர் உபயோகித்த சோப்பை அவளால் தொட முடியவில்லை. அவர் வந்து மன்னித்துவிடு என்று சொன்னார், மனதாரத்தான் சொன்னார், கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அவளும் சரி அத்தான் என்றாள். அன்றைக்கும் சாப்பிட முடியவில்லை. மருத்துவமனைக்குப் பின்தெருவில், துணி தேய்க்கும் கடைக்கு மேலே ஓர் அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் இஸ்திரி ஆவி வரும். அந்தச் சூட்டு வாசனை அவளுக்குப் பிடித்திருந்தது.

சில மாதம் கழித்து ஒரு விடுமுறைநாள் மதியம் அக்கா வந்தாள். விட்டுவந்த தலையணையையும் குடையையும் கொண்டுவந்திருந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள், அடுப்பை விரலால் தடவிப் பார்த்தாள், அழுக்கில்லை என்றதும் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அவர் உன்னக் கேட்டுக்கிட்டே இருக்காரு. அந்த விளையாட்டுக்குப் போறதக்கூடக் குறைச்சிட்டாரு. இன்னும் எத்தன நாளுக்குடி இப்படி?"

"தெரியலக்கா. கோவமெல்லாம் போயிருச்சு. அவர் கையப் பாத்தா கொமட்டுது, அவ்வளவுதான். அது எப்ப நிக்குமோ அப்ப வரேன்."

அக்கா குடையின் நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். கீழே இஸ்திரிப்பெட்டி துணியில் உரசிக்கொண்டிருந்தது.

"உனக்கென்ன, எந்திரிச்சு வந்துட்டே" என்றாள் கடைசியில். "நான் தெனம் அவர் பக்கத்துல படுத்துக்கறேன்."

தங்கை அவளைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா பார்க்கவில்லை. செருப்பைக் காலாலேயே தள்ளிக் கழற்றிவிட்டு, கொண்டுவந்த தலையணையைச் சுவரோரம் போட்டு, சுருண்டு படுத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் அவள் போன் அடித்தது. கட்டிலில் கிடந்த போனின் திரையில் அத்தான் முகம் சிரித்தது. அக்கா கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி அதைக் கவிழ்த்துப் போட்டாள்.